மறைப்பதும் காப்பதும்: மனித உரிமைப் பணியாளருக்கான இணையப் பாதுகாப்புப் பயிற்சி குறித்து ஒரு திறனாய்வு

மனித உரிமைப் பணியாளருக்குக் கணினியையும் கைப்பேசியையும் பாதுகாப்பாகக் கையாளக் கற்றுத்தரும் பயிற்சிகள் கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளாகப் பல நாடுகளில் நடைபெற்று வருகின்றன. இப்பயிற்சிகளுக்கு அடிப்படையாக அமைந்த நூல்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட 'பிரண்ட் லைன் டிபென்டர்ஸ்' என்னும் அமைப்பும், பெர்லினைச் சார்ந்த 'டாக்டிகல் டெக்' என்னும் அமைப்பும் இணைந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட 'செக்யூரிட்டி இன் எ பாக்ஸ்'. மற்றொன்று, பின்னவர் 2016இல் வெளியிட்ட 'ஹோலிஸ்டிக் செக்யூரிட்டி'. முன்னதைப் 'பெட்டிக்குள் பாதுகாப்பு' என்றும், பின்னதை 'முழுமைப் பாதுகாப்பு' என்றும் தமிழில் வழங்கலாம். இவ்விரு நூல்களையும் இவற்றை ஒட்டி நடைபெறும் பயிற்சிகளையும் இக்கட்டுரையில் திறனாய்ந்து நோக்க முற்படுகின்றோம்.

இறையியல் கல்லூரி இதழொன்றில் இது எதற்கு என வாசகர் சிலர் வினவக்கூடும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1998 டிசம்பர் 9ஆம் நாள் ஏற்றுக்கொண்ட அறிக்கை, மனித உரிமையைக் காப்பவர் இன்னார் என்பதைப் பதவியாலும் உறுப்பினர் அட்டையாலும் வரையறுக்கவில்லை. செய்யும் செயலால் வரையறுக்கின்றது. அவ்வாறாயின், காவல் நிலையத்தில் அடிபட்ட மகனின் புகைப்படத்தைத் தன் கைப்பேசியில் ஏந்திக்கொண்டு இரவு பத்து மணிக்குக் குருமனையின் கதவைத் தட்டும் தாய்க்குக் கதவு திறக்கும் சேகரகுருவும் அவ்வரையறைக்குள் வந்துவிடுகின்றார். அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அப்புகைப்படம் அடுத்த நிமிடம் அவருடைய கைப்பேசிக்கு வந்துவிடும். அதை அவர் என்ன செய்கின்றார் என்பதைப் பொறுத்து அம்மகனின் வழக்கு நிற்கலாம், அல்லது விழலாம். நம் கல்லூரிகளில் இதைக் கற்றுத்தரும் வகுப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நூல்கள் பெர்லினிலும் டப்ளினிலும் எழுதப்பெற்றவை. அவற்றை உரசிப் பார்க்க நமக்கு ஓர் உரைகல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடியையே உரைகல்லாகக் கொள்வோம். பெருநகரமும் அன்று, குக்கிராமமும் அன்று. அலுவலகமும் செயலரும் சட்ட ஆலோசகரும் உள்ள மனித உரிமை நிறுவனத்தை அங்கே எதிர்பார்க்க இயலாது. ஒரு வழக்கறிஞர், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர், பீடி சுற்றும் பெண்களின் சங்கத்தில் முன்நிற்கும் ஒருத்தி, ஒரு சபை ஊழியர் - இத்தகையோரே அங்கு 'பணியாளர்'. இந்நூல்கள் இவர்களுக்கு உதவுமா என்பதே நம் கேள்வி.

நூல்களின் நிறையும் குறையும்

முதல் நூல் வெளிவந்தபோது அது உண்மையிலேயே ஒரு கொடை. கடவுச்சொல்லை எவ்வாறு அமைப்பது, கோப்புகளை மறையாக்கம் செய்வது எப்படி, அழித்த கோப்பு உண்மையில் அழிந்ததா என்பன போன்றவற்றைத் தொழில்நுட்பம் அறியாதாரும் பின்பற்றும் வண்ணம் படிப்படியாக அது விளக்கிற்று. இலவசமாக வழங்கப்பெற்றது, பல மொழிகளில் பெயர்க்கப்பெற்றது. ஆயின், கருவிகளின் பெயரைச் சொல்லிக் கற்பிக்கும் நூலுக்கு ஆயுள் குறைவு. இந்நூல் கோப்புகளைப் பூட்டி வைக்கப் பரிந்துரைத்த 'ட்ரூகிரிப்ட்' என்னும் மென்பொருளை அதனை ஆக்கியோர் 2014 மே மாதத்தில் திடீரெனக் கைவிட்டனர். நூலைத் திருத்துவது எளிது, திருத்தவும் செய்தனர். ஆனால் அதற்கு முன் பயிற்சி பெற்று, ஊருக்குத் திரும்பி, அக்கருவியையே நம்பியிருந்த ஒருவருக்கு அச்செய்தி எப்போது சென்று சேர்ந்திருக்கும்? ஒருநாள் பயிற்சியின் நோய் இதுவே. விடுதியொன்றில் மதிய உணவோடு முடியும் அப்பயிற்சிகளில் நான்கைந்து செயலிகளைக் கைப்பேசியில் ஏற்றிவிட்டு வீடு திரும்புவர். ஆறு மாதத்தில் கைப்பேசி பழுதாகும், புதியது வாங்குவர், பழைய எண்கள் மட்டும் புதியதில் ஏறும், செயலிகள் ஏறா. பயிற்சி நடந்ததற்கான அறிக்கையும் புகைப்படமும் நிதியளித்தோருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டாம் நூல் இக்குறையை உணர்ந்தவர்கள் எழுதியது. ஆயத்தம், ஆராய்தல், திட்டமிடல், செயல் என நான்கு பகுதிகளாக அமைந்த அது, கருவியிலிருந்து தொடங்கவில்லை, மனிதனிலிருந்து தொடங்குகின்றது. அச்சமும் சோர்வும் உறக்கமின்மையும் பாதுகாப்புக்குத் தொடர்பற்றவை அல்ல என்று அது கூறுவது நம் ஆயர்ப்பணிப் பாடங்களுக்கு மிக அண்மையில் வருகின்றது. களைத்துப்போன மனிதன் பொறியில் விழுவான் என்பதை நாமும் அறிவோம். எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்த நிகழ்ச்சியை (1 இராஜாக்கள் 19) வகுப்பில் விளக்காத ஆசிரியர் நம்முள் இல்லை. இவ்வகையில் இந்நூல் முன்னதினும் பன்மடங்கு மேலானது.

எனினும் இதன் உள்ளே நடமாடும் பணியாளர் ஒரு குழுவையோ நிறுவனத்தையோ சார்ந்தவர். அவருக்குக் கூட்டம் கூட்டவும் கொள்கை வகுக்கவும் நேரமுண்டு. அவருடைய கைப்பேசி அவருடையது மட்டுமே. புளியங்குடியில் இவ்வூகங்கள் நில்லா. சங்கத்தில் முன்நிற்கும் பெண்ணின் கைப்பேசியைப் பகலில் மகன் விளையாடவும், இரவில் கணவர் செய்தி பார்க்கவும் எடுத்துக்கொள்வர். சிம் அட்டை அண்ணன் பெயரில் இருக்கும். பூட்டுக்குறி வைத்தால், "யாருக்குப் பயந்து பூட்டு?" என்ற கேள்வி முதலில் எழுவது காவல் நிலையத்திலன்று, அடுக்களையில். சாதி கடந்து மணம் செய்துகொண்ட இணையருக்குப் புகலிடம் தேடித்தரும் பணியாளருக்கு ஆபத்து அரசின் ஒற்றுமென்பொருளிலிருந்து வருவதைவிட, இருக்குமிடத்தைக் காட்டும் சாதாரண வசதியொன்று பெண்ணின் உறவினர் கைப்பேசியில் திறந்திருப்பதிலிருந்து வருவதே மிகுதி. வீட்டையும் ஊரையும் சாதியையும் இந்நூல் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பது நம் கருத்து.

மொழியைக் குறித்தும் ஒரு சொல். எதிரி யார், அவன் எதைத் தேடுகின்றான், எவ்வழியே வருவான் என்று கணக்கிடும் முறைக்கு இந்நூல்களிலும் பயிற்சிகளிலும் ஓர் ஆங்கிலத் தொடர் உண்டு. அதைத் தமிழில் 'அச்சுறுத்தல் மாதிரி' என்று பெயர்த்துச் சொல்கின்றனர். கேட்போர் தலையசைக்கின்றனர், அவ்வளவே. குடிகாரக் கணவனுக்குத் தெரியாமல் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கடுகு டப்பாவில் வைத்துக் காப்பாற்றிய பெண்ணுக்கு இக்கலையை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. யாரிடமிருந்து, எதை, எத்தனை நாளுக்கு, எவ்விடத்தில் என்பதை அவள் கணக்கிட்டுத்தான் வைத்தாள். பயிற்சியாளர் அங்கிருந்து தொடங்கியிருந்தால் இரண்டு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

இணையம் நின்ற நாட்கள்

2018 மே 22ஆம் நாள், ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் தூத்துக்குடியில் நடந்த போராட்டத்தின் நூறாம் நாளன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்திற்று. அந்நிகழ்ச்சியில் 13 பேர் மாண்டனர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையச் சேவையை நிறுத்திவைக்கத் தமிழக அரசு ஆணையிட்டது. தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். ஆகவே அன்று புளியங்குடி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடியிலிருந்து சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள, அப்போராட்டத்தில் நேரடித் தொடர்பற்ற ஓர் ஊரும் இவ்வாறு ஊமையாக்கப்பட்டது.

அந்நாட்களில் மறையாக்கம் செய்யப்பட்ட செயலிகளால் ஒரு பயனும் இல்லை. வலை இல்லாதபோது பூட்டிய கடிதமும் போகாது, திறந்த கடிதமும் போகாது. இத்தகைய வேளையில் செய்ய வேண்டியது என்ன என்பதற்குப் பயிற்சிகளில் ஒதுக்கப்படும் நேரம் மிகச் சிறிது. ஆயினும் 2018 முதல் 2023 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள், இணைய நிறுத்தங்களின் எண்ணிக்கையில் உலக நாடுகளுள் இந்தியாவே முதலிடத்தில் இருந்ததாக 'அக்செஸ் நவ்' என்னும் அமைப்பின் ஆண்டறிக்கைகள் கூறுகின்றன. நம் நாட்டுப் பணியாளருக்கான பயிற்சியில் முதற்பாடம் இதுவாக இருந்திருக்க வேண்டும்: தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி வைத்தல், குறுஞ்செய்தியும் சாதாரண அழைப்பும் இயங்கும்போது அவற்றில் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லலாகாது என முன்னரே பேசிவைத்தல், யார் பேருந்தேறி யாரிடம் செல்வது என்று முடிவு செய்தல்.

சட்டமும் இப்பாடத்தில் இடம்பெற வேண்டும். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய நிறுத்தத்தை எதிர்த்து 'காஷ்மீர் டைம்ஸ்' ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10ஆம் நாள் தீர்ப்புரைத்தது. நிறுத்த ஆணைகள் வெளியிடப்பட வேண்டும். காலவரையற்ற நிறுத்தம் கூடாது. தேவைக்கு மிஞ்சிய அளவில் நிறுத்தலாகாது என்பன அதன் சாரம். இதை அறிந்த ஒருவர், "ஆணையின் நகல் எங்கே?" என்று கேட்கலாம். கருவியைப் பயன்படுத்தக் கற்ற பணியாளரைவிட இக்கேள்வியைக் கேட்கக் கற்ற பணியாளரையே அதிகாரிகள் கவனிப்பர்.

சாத்தான்குளம்: அழிந்த பதிவு

இந்நூல்களைப் பற்றிய நம் முதன்மையான குறை இனிச் சொல்லப்போவதே. இவற்றின் மனச்சாய்வு மறைப்பதை நோக்கியது. செய்தியை மறை, பெயரை மறை, இருக்குமிடத்தை மறை. தேவையானதே. ஆனால் நம் மாவட்டங்களின் வரலாறு வேறொன்றையும் கேட்கின்றது.

2020 ஜூன் 19ஆம் நாள் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்தி வந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கோவில்பட்டிக் கிளைச் சிறையிலிருந்து மருத்துவமனைக்குச் சென்று, மகன் 22ஆம் நாளும் தந்தை 23ஆம் நாளும் மாண்டனர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து இதனை விசாரிக்கத் தொடங்கிற்று. அதன் ஆணைப்படி நிலையத்துக்குச் சென்று விசாரித்த நீதித்துறை நடுவர் அளித்த அறிக்கையில், கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைப் பற்றிய ஒரு குறிப்பு உண்டு. பதிவுகளைச் சேமித்து வைக்கும் வட்டில் இடம் தாராளமாக இருந்தும், ஒவ்வொரு நாளின் பதிவும் தானாகவே அழியும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19ஆம் நாளின் பதிவு கிடைக்கவில்லை. அந்நிலையத்தில் பணியாற்றிய தலைமைக் காவலர் ரேவதி என்னும் பெண்மணி தாம் கண்டதைத் துணிந்து சொன்னதனால் அன்றோ அவ்விரவின் நிகழ்ச்சிகள் வெளிவந்தன! அழியாத வட்டு மனசாட்சி ஒன்றே என்று பிரசங்கிக்க நமக்கு ஆசை எழுகின்றது. ஆயினும் எல்லா நிலையங்களிலும் ஒரு ரேவதி இருப்பார் என்று நம்பி இருந்துவிட முடியாது.

இங்கே அநீதியின் கருவியாக இருந்தது ஒற்றறிதல் அன்று, அழித்தல். ஆகவே நீதியின் கருவியும் மறைத்தலாக இருக்க இயலாது; காத்தலாகவே இருக்க வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் நாள் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமராக்கள் பொருத்தப்பட வேண்டும் என்றும், பதிவுகள் 18 மாதங்கள் காக்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. அத்தனை காலம் சேமிக்கும் கருவி கிடைக்காவிடில் ஓராண்டேனும் காக்க வேண்டும். நிலையத்தில் ஒருவர் அடிபட்டார் எனக் கேள்விப்பட்ட அன்றே, இந்நாளின் இந்நேரப் பதிவை அழியாமல் காக்க வேண்டும் என எழுத்து மூலம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் வாங்கிக்கொள்ளும் பழக்கம் ஒரு சபை ஊழியருக்கு இருக்குமாயின், அது பத்துச் செயலிகளுக்கு ஈடாகும்.

நம் கைகளில் வரும் சான்றுக்கும் இதுவே பொருந்தும். மேலே கூறிய தாயின் கைப்பேசியிலுள்ள படத்தை நினைவுகூர்வோம். அதை வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பும்போது அதன் அளவு சுருங்குகின்றது. எடுத்த நாள், நேரம், கருவி பற்றி அதனுள் பொதிந்துள்ள குறிப்புகளும் கழன்றுவிடுகின்றன. நூறு குழுக்களில் பரவிய பிரதியைவிட அத்தாயின் கைப்பேசியில் உள்ள மூலமே நீதிமன்றத்தில் பெறுமதியுடையது. மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 14ஆம் நாள் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, அச்சான்றிதழில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் கேட்கின்றது. ஒரு கோப்பிலுள்ள அனைத்தையும் கணக்கிட்டுப் பெறும் எண் அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினும் எண் மாறிவிடும். இவற்றைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. சேகரகுரு செய்ய வேண்டியது சிறிது: மூலத்தை அழிக்கவோ திருத்தவோ விடாதிருத்தல், கைப்பேசியை மாற்ற விடாதிருத்தல், வழக்கறிஞர் வரும்வரை குழுக்களில் பரப்பாதிருத்தல், எப்போது யாரிடமிருந்து பெற்றோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுதல்.

திருமறை இதில் நமக்கு முன்னோடியாக உள்ளது. எரேமியா ஆனதோத்தின் நிலத்தை வாங்கியபோது, முத்திரையிட்ட பத்திரமும் திறந்த பத்திரமுமாக இரண்டு பிரதிகளை மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். அவை நெடுநாள் நிலைத்திருக்க வேண்டும் என்பதே நோக்கம் (எரேமியா 32). யோயாக்கீம் அரசன் சுருளைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பிலிட்டபோது, பாரூக்கு அதனை மீண்டும் எழுதினார். முன்னதைவிடக் கூடுதலாகவே எழுதினார் (எரேமியா 36). அதே அதிகாரத்தில், ஓலையை அரசனிடம் வாசிக்குமுன், எரேமியாவும் பாரூக்கும் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று பிரபுக்கள் அறிவுறுத்துவதையும் காண்கின்றோம். ஆள் மறைந்திருக்க வேண்டும், சொல் நிலைத்திருக்க வேண்டும். பயிற்சி நூல்கள் முதற்பகுதியை நன்கு கற்பிக்கின்றன.

நாபோத்தின் ஊரும் நம் காலமும்

மறைத்தலையும் காத்தலையும் கடந்த மூன்றாவது ஆபத்து ஒன்றுண்டு. அது நம்மிடம் இல்லாததை நம்மிடம் வைத்தல்.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசி மக்களிடையே பல்லாண்டு உழைத்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, 2020 அக்டோபர் 8ஆம் நாள் பீமா கோரேகான் வழக்கில் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 83, நடுக்குவாத நோயாளி. பிணை கிடைக்காமலேயே 2021 ஜூலை 5ஆம் நாள் மும்பையில் மருத்துவமனையொன்றில் காலமானார். அவருடைய கணினியின் நகலை, எதிர்வாதத் தரப்பு வழக்கறிஞரின் வேண்டுகோளின்பேரில் ஆய்ந்த 'ஆர்செனல் கன்சல்டிங்' என்னும் அமெரிக்க நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியான அறிக்கையில் கூறியது இது: 2014 அக்டோபர் முதல், புனே காவல்துறை கணினியைக் கைப்பற்றிய 2019 ஜூன் 12 வரை, வெளியார் ஒருவர் அக்கணினிக்குள் ஒற்றுமென்பொருள் வழியே நுழைந்திருந்தார், ஐம்பதுக்கு மேற்பட்ட கோப்புகள் அதற்குள் வைக்கப்பட்டன. இதே வழக்கில் ரோனா வில்சனின் கணினி பற்றி அந்நிறுவனம் 2021இல் அளித்த அறிக்கையின்படி, அவருக்குத் தெரிந்த ஒருவரின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வந்த இணைப்பைத் திறந்ததே நுழைவாயிலாக அமைந்தது. தேசியப் புலனாய்வு முகமை இவ்வறிக்கைகளை ஏற்கவில்லை. நீதிமன்ற விசாரணையில் இவை இன்னும் எடைபோடப்பட்டுத் தீர்வு காணப்படவில்லை. ஆகவே செய்தவர் இன்னார் என்று நாம் தீர்ப்பிடவில்லை. ஆயினும் இத்தகைய காரியம் செய்யக்கூடியது என்பதும், தன் சாவுக்குப் பின்னரே தன் கணினியின் ஆய்வறிக்கை வெளிவரும் நிலைக்கு ஒரு முதியவர் ஆளானார் என்பதும் மறுக்கவொண்ணாதவை.

நாபோத்தின் கதையை (1 இராஜாக்கள் 21) இப்பின்னணியில் மீண்டும் வாசித்தல் வேண்டும். நாம் வழக்கமாக ஆகாபின் பேராசையைப் பற்றிப் பிரசங்கிக்கின்றோம். யேசபேலின் கொடுமையைப் பற்றிப் பிரசங்கிக்கின்றோம். கதையின் நடுவிலுள்ள பொருளைக் கவனிப்பதில்லை. அது ஒரு முத்திரை. அரசன் பெயரால் எழுதப்பட்டு, அரசன் முத்திரையிடப்பட்ட கடிதங்கள் வந்தன. ஊர் மூப்பர் கேள்வி கேட்கவில்லை. முத்திரை மெய்யானது, கடிதத்தின் உள்ளடக்கம் பொய்யானது. கணினியிலிருந்து அச்சிட்ட தாளைக் கண்டவுடன், "அவர் கணினியில்தானே இருந்தது" என்று நம்பிவிடும் நாமும் அம்மூப்பரே. பயிற்சி பணியாளருக்கு மட்டும் போதாது என்று நாம் கூறுவது இதனாற்றான். மூப்பருக்கும் வேண்டும். பணியாளர் ஒருவர் கைதாகும்போது அவருடைய சபையார் முதல் வாரத்தில் எதை நம்புகின்றனர் என்பது அவர் வெளியே வருவதையும் உள்ளேயே மடிவதையும் பெரிதும் தீர்மானிக்கின்றது. இப்பொருள் பற்றி இவ்விரு நூல்களிலும் நாம் எதிர்பார்த்த அளவு இல்லை. அவை பணியாளரோடு பேசுகின்றன, அவரைச் சுற்றியுள்ள ஊரோடு பேசவில்லை.

கிறிஸ்தவனுக்கு ஒளிவுமறைவு தகுமா?

நம்முள் மூத்த குருவானவர் பலர் இப்பயிற்சிகளைத் தயக்கத்தோடு நோக்குகின்றனர். ஒளியின் பிள்ளைகளுக்கு ஒளிப்பதற்கு என்ன இருக்கின்றது என்பது அவர்கள் வாதம். தானியேல் பலகணியைத் திறந்து வைத்தே ஜெபித்தான் (தானியேல் 6) என்று எடுத்துக்காட்டுவர். இதை எளிதாகத் தள்ளிவிடலாகாது. உண்மையான பக்தியிலிருந்து எழும் வாதம் இது.

ஆனால் தானியேல் திறந்தது தன் பலகணியை. பிறர் பலகணியை அவன் திறக்கவில்லை. நெகேமியா இரவில் சில மனிதரோடு எழுந்து சென்று இடிந்த மதிலைப் பார்வையிட்டபோது தன் நோக்கத்தை அதிகாரிகளுக்கு அறிவிக்கவில்லை (நெகேமியா 2). அதே நூலில், சன்பல்லாத்து தன் வேலைக்காரன் கையில் முத்திரையிடாத கடிதத்தை அனுப்புகின்றான் (நெகேமியா 6). வழியெல்லாம் பலரும் வாசித்து வதந்தி பரவட்டும் என்பதே அத்திறந்த கடிதத்தின் உட்கருத்து என்று விளக்கவுரையாளர் கூறுவர். திறந்தது எல்லாம் உண்மையன்று, மூடியது எல்லாம் வஞ்சகமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. ஒபதியா நூறு தீர்க்கதரிசிகளை ஒரே குகையில் வைக்காமல் ஐம்பது ஐம்பதாகப் பிரித்து மறைத்ததும் (1 இராஜாக்கள் 18) நினைக்கத்தக்கது.

போன்ஹோபர் சிறையிலிருந்தபோது எழுதத் தொடங்கி முடிக்காமற்போன, உண்மை பேசுதல் பற்றிய கட்டுரை இங்கு நமக்கு உதவுகின்றது. ஆசிரியர் ஒருவர் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் ஒரு சிறுவனை நோக்கி, அவன் தந்தை குடித்துவிட்டு வருவது உண்மையா என்று கேட்கின்றார். உண்மையே, ஆயினும் சிறுவன் மறுக்கின்றான். பிழை முதலில் கேள்வியில் உள்ளது என்கின்றார் போன்ஹோபர். குடும்பத்துக்குள் நுழைய ஆசிரியருக்கு உரிமையில்லை. உண்மை என்பது யார், யாரிடம், எவ்வுரிமையோடு கேட்கின்றார் என்பதனோடு பிணைந்தது. 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தபோது, சட்டத்தின் மொழியில் இதற்கு நெருங்கியதொன்றையே கூறினர் எனலாம். அதற்கும் முன்னர், 1996இல், தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் கட்டுப்பாடுகளைப் பெற்றுத்தந்தது மக்கள் சிவில் உரிமைக் கழகம். அவசரநிலைக் காலத்தில், 1976இல், ஜெயப்பிரகாசர் தொடங்கிய இயக்கம் அது.

குருவானவருக்கு இது புதிதன்று. பாவ அறிக்கையையும் மனவேதனையையும் கேட்டு, வெளியில் சொல்லாதிருக்க நாம் அபிஷேகத்தின்போதே கடமைப்பட்டோம். மறையாக்கம் என்பது அக்கடமையின் இன்றைய கருவி, வேறன்று. காவலரின் கொடுமையைப் பற்றி நம்மிடம் ஒருவர் சொன்னது நம்முடைய இரகசியமன்று, அவருடையது. அதைத் திறந்துகாட்டும் உரிமை நமக்கில்லை.

நம் வீட்டுக் கணக்கு

அரசு ஒற்றறிவதைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிது. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அமைத்த குழு, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட 29 கைப்பேசிகளுள் ஐந்தில் ஏதோவொரு தீய மென்பொருள் இருந்ததையும், அது பெகாசஸ் என்று முடிவுகட்ட இயலாததையும், மத்திய அரசு ஒத்துழைக்காததையும் கூறியதாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி நீதிமன்றத்தில் தெரிவித்தார். இதைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். ஆனால் அதே நாளில் நம் சேகரத்தின் வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் என்ன நடக்கின்றது? இன்ன தெருவைச் சேர்ந்த இன்ன சகோதரிக்குக் கருப்பையில் கட்டி. இன்னாருடைய மகள் வேற்றுச் சாதிப் பையனோடு சென்றுவிட்டாள், மீட்கப்பட ஜெபியுங்கள். இன்ன சகோதரர் குடியிலிருந்து விடுதலைபெற. இருநூறு பேர் வாசிக்கின்றனர். அவர்களுள் ஒருவர் தம் உறவினர் குழுவுக்கு அனுப்புகின்றார். சன்பல்லாத்தின் கடிதம் ஜெப விண்ணப்பமாக உருமாறி ஊரைச் சுற்றுகின்றது. அம்மகள் எங்கே தங்கியிருக்கின்றாள் என்பதையும் சிலர் அன்போடு சேர்த்து எழுதிவிடுகின்றனர். இதனால் ஓர் உயிர் போகக்கூடும் என்பது நம் மாவட்டத்தில் மிகைக் கூற்றன்று.

ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டு, ஒரு குருவானவரிடமிருந்து மற்றொருவரிடம் கையொப்பத்தோடு ஒப்படைக்கப்படும் வழக்கம் நம் திருமண்டலங்களில் உண்டு. அப்பதிவேட்டில் இருப்பதைவிடப் பன்மடங்கு விவரங்கள் இன்று குடும்பக் கணக்கெடுப்பு என்னும் பெயரால் ஒரு வாலிபரின் கணினியில் அட்டவணையாகக் கிடக்கின்றன: தொலைபேசி எண், வருமானம், நோய், சாதிச் சான்றிதழ் விவரம், மதம் மாறியவரா என்னும் குறிப்பு. கடைசியாகக் கூறிய குறிப்பு தவறான கைக்குப் போனால் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் சலுகைக்கும் அமைதிக்கும் என்ன நேரும் என்பதை வாசகருக்கு விளக்க வேண்டுவதில்லை. இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அரசின் துறைகளுக்கு அச்சட்டம் தாராளமாக விலக்கு அளிப்பதைக் கண்டிக்க வேண்டியது நம் கடமையே. திருச்சபைக்கு அத்தகைய விலக்கு கிடைக்கும் என்று எவரும் எண்ண வேண்டா.

எனவே இப்பயிற்சியை இறையியல் கல்லூரிகளில் தனிப் பாடமாகச் சேர்க்க வேண்டும் என்று சிலர் கூறுவதை நாம் அவ்வளவாக ஆதரிக்கவில்லை. தனிப் பாடமாயின் அது தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவரின் மூன்று நாள் வகுப்பாக முடியும். செயலிகளின் பெயர்கள் தேர்வில் கேட்கப்படும். ஆயர்ப்பணி ஆலோசனை வகுப்பில் இரகசியம் காத்தலைக் கற்பிக்கும் வாரத்திலேயே கைப்பேசியையும் கற்பிக்கலாம். சபை நிர்வாக வகுப்பில் பதிவேடுகளைப் பற்றிக் கூறும்போதே அட்டவணையைப் பற்றியும் கூறலாம். எரேமியா 36 வரும்போது சாத்தான்குளம் வரலாம். 'முழுமைப் பாதுகாப்பு' நூலின் முதற்பகுதியை மாணவர்கள் வாசிக்கட்டும். 'பெட்டிக்குள் பாதுகாப்பு' நூலிலிருந்து கடவுச்சொல், கணினிப் பூட்டு ஆகிய இரண்டு இயல்களை மட்டும், அவ்வாண்டுக்குரிய திருத்தப் பதிப்பில், செய்துபார்க்கட்டும். எஞ்சியவற்றைத் தமிழில் புதிதாகத்தான் எழுத வேண்டும். அதை எழுதுவதற்கு, பெர்லினுக்குச் சென்று வந்த ஒருவரைத் தேடுவதைவிட, புளியங்குடிச் சந்தையின் பின்தெருவில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, யாரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று கணக்கிட்டபடி சங்கத்துக்கு ஆள் சேர்க்கும் பெண்களோடு நான்கு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து பேசுவது பயன்தரும்.